முந்தியும் இப்பிடியோ?

அந்த அண்ணை ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் கேட்பது, "முந்தியும் இப்பிடியோ?" என்பதுதான். படிக்கட்டு கிறீச்சிட்டால் கேட்பார். குசினி லைட் ஒருக்கால் மங்கி எரிந்தால் கேட்பார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும்போது நான் இருமினாலும், கோப்பையை வாங்காமல் என்னைப் பார்த்து அதையே கேட்பார். "இல்லை அண்ணை, நேற்றிலையிருந்துதான்" என்றால் தலையை ஆட்டிவிட்டுக் குடிப்பார். "எப்பவும் இப்பிடித்தான்" என்று சொன்னால் மட்டும் விடமாட்டார். எப்பவும் என்றால் எத்தனை மாதமாய், அதற்கு முதல் எப்படி இருந்தது என்று தோண்டுவார். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய பகிடி. முதுகுக்குப் பின்னால் அவரை முந்தியண்ணை என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கடவுள் மன்னிக்க வேண்டும்.

வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்களைத் திருத்துவது அவருடைய வேலை. தொண்ணூறுகளின் நடுவில், காஸ் வேலைக்கு லைசென்ஸ் வைத்திருந்த தமிழ் ஆட்கள் ரொறன்ரோவில் மிகக் குறைவு. கிழமை நாட்களில் ஒரு கொம்பனிக்கு வேலை செய்வார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு வருவார். ஒல்லியான, நெடுத்த மனிதர். ஐம்பது வயது இருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து சுத்தமான காலுறை ஒரு சோடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார். சாமிப் படத்தைத் தாண்டிப் போகும்போது தொப்பியைக் கழற்றுவார். ஆனால் கும்பிட்டு நான் கண்டதில்லை. ஒருமுறை திருநீற்றுத் தட்டை நீட்டினேன். கை ஊத்தையாய் இருக்கிறது, பிறகு பூசுகிறேன் என்றார். வேலை முடிந்து கை கழுவிய பிறகு நானும் மறந்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை.

எங்களுடையது ஸ்காபுரோவில் ஒரு பழைய செங்கல் வீடு. தெரிந்தவர்களின் புது வீடுகளில் நிலத்திலுள்ள ஓட்டைகளால் சூடான காற்று வரும். எங்கள் வீட்டில் அப்படியில்லை. பேஸ்மென்ற்றில் இருந்த பொயிலர் தண்ணீரைச் சுடவைத்து, ஒவ்வொரு அறையிலும் யன்னலுக்குக் கீழே இருந்த இரும்பு றேடியேற்றர்களுக்கு அனுப்பும். வீடு வாங்கிய முதல் குளிருக்கு மேல் அறை றேடியேற்றர் அடியில் சுட்டது, தலைப்பில் ஐஸ் மாதிரி இருந்தது. அதற்காகத்தான் அவர் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னத் திறப்பு ஒன்றால் பக்கத்திலுள்ள ஆணியைத் திருப்பினார். உஸ்ஸென்று காற்று போய், பிறகு தண்ணீர் துளித்தது. பூட்டினார். பத்து நிமிட வேலை.

மற்றவர்கள் என்றால் அதோடு போயிருப்பார்கள். இவர் பேஸ்மென்ற்றுக்கு இறங்கி, பொயிலருக்கு முன்னால் குந்தியிருந்து, அதன் சின்னக் கண்ணாடியால் நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். ஒவ்வொரு வருசமும் குளிர் தொடங்க முதல் ஒருக்கால் என்னைக் கூப்பிடுங்கோ என்று என் கணவரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள்தான் நெடுகலும் வீட்டிலை நிக்கிறனீங்கள். இதைப் பற்றி ஒண்டும் படிக்கத் தேவையில்லை. இண்டைக்கு எப்பிடி இருக்குது எண்டு வடிவாப் பாத்து வையுங்கோ. மாறினால் கூப்பிடுங்கோ."

நானும் குனிந்து பார்த்தேன். நெருப்பு நீலமாய், சின்னச் சின்னதாய், வரிசையாய் நின்றது. பார்த்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வருசம் செப்ரெம்பரில் அவரைக் கூப்பிடுவோமா என்று நான் கேட்டதற்கு, "ஓடுறதை ஏன் குழப்புவான்? அவரைக் கூப்பிட்டால் இல்லாத வருத்தத்தையும் கண்டுபிடிப்பார்" என்றார் என் கணவர். நான் சிரித்தேன். அவர் சொன்னதில் பிழையில்லை என்றுதான் நினைத்தேன். அதற்குக் காரணமும் இருந்தது.

அந்தக் கோடையில் தெரிந்த ஒருவரின் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். அண்ணையும் வந்திருந்தார். கேக் வெட்டும் நேரம் ஆளைக் காணவில்லை. தேடினால் பேஸ்மென்ற்றில் சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறார். வாயு வெளியே போகிற குழாயின் பொருத்து விட்டிருக்கிறது, முந்தியும் இப்படியோ என்று மேலே வந்து எல்லாருக்கும் முன்னால் கேட்டார். வீட்டுக்காரிக்கு முகம் கறுத்துப்போனது. "இவர் பேர்த்டேக்கு வந்தவரோ, இன்ஸ்பெக்சனுக்கு வந்தவரோ?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவர் மறுபடி இறங்கிப்போய் அந்தப் பொருத்தைச் சரியாக்கிவிட்டு வந்து, சிங்க் பக்கத்தில் நின்றபடியே தனக்கு வைத்திருந்த கேக்கைச் சாப்பிட்டார்.

கோயிலில் நடந்தது வேறு மாதிரி. அன்னதானத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கை நடுங்கியது. எங்கள் எல்லாருடைய இலையிலும் அவள் அப்படித்தான் போட்டாள். நாங்கள் வாங்கிக்கொண்டு நகர்ந்தோம். அண்ணை நகரவில்லை. மெதுவாய்க் கேட்டார். அவள் அகப்பையை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் இலையோடு அவளுக்குப் பக்கத்தில் நின்றார். பின்னால் வரிசை நின்றது, முணுமுணுத்தது. எனக்கு அது ஒரு மாதிரியாய் இருந்தது. பொது இடத்தில் ஒருவரின் வீட்டுக் கதவைத் திறக்கிற மாதிரி.

பிறகு ஒருநாள் அவரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன், ஏன் அண்ணை எல்லாரையும் உப்பிடிக் கேட்கிறீங்கள் என்று. அவருக்குக் கோபம் வரவில்லை.

"வீட்டிலை இருக்கிற ஆக்களுக்கு எல்லாம் பழகிப்போகும் தங்கச்சி. பழகினது கண்ணுக்குத் தெரியாது. எனக்கு உங்கடை வீடு பழக்கமில்லை. அதாலை கேக்கிறன்."

நான் எழுத வந்த விசயம் அந்த வருசம் ஐப்பசிக் கடைசியில், கந்தசஷ்டி விரத நாட்களில் நடந்தது.

பேஸ்மென்ற்றை ஓர் இளம் சோடிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவள் பிள்ளைத்தாய்ச்சியாய் வந்தவள், எங்கள் வீட்டில் இருந்தபோதுதான் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அவளுடைய தாய் ஊரில். அதனால் சரக்குக் கறி காய்ச்சியதும், வேது பிடித்ததும், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்ததும் எல்லாம் நான்தான். அந்தப் பிள்ளைக்குப் பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கோயிலில் அர்ச்சனை செய்ததும் நான். என்னை அன்ரி என்று கூப்பிட்டாலும் தாயிடம் கேட்கிற மாதிரித்தான் எல்லாம் கேட்பாள்.

அவர்களுடைய அறைக்கும் பொயிலருக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது. மேலே இடமில்லாததால் அதில்தான் முருகன் படத்தோடு என்னுடைய சாமித் தட்டை வைத்திருந்தேன். சூடாயும் அமைதியாயும் இருக்கும்.

பொயிலருக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து ஒரு தகரக் குழாய் வந்து நிலத்துக்குக் கிட்ட வாய் திறந்தபடி நின்றது. கால் வைத்தால் பனிக்காற்று அடிக்கும். குளிர் தொடங்கியதும் அவள் காதைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொண்டு, "அன்ரி, அந்தக் குழாயாலை ஒரே காத்து" என்று சொன்னாள். பிள்ளை பெற்ற உடம்பு. காதுக்குள் காற்றுப் போனால் வாழ்நாள் முழுக்கத் தலையிடி என்று எங்கள் எல்லாருக்கும் சொல்லித்தானே வளர்த்தார்கள். முந்தி இருந்த வெள்ளைக்காரர் எதற்கோ விட்டுவைத்த ஓட்டை என்று நினைத்தேன். என் கணவர் உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்றைச் சுருட்டி அதற்குள் இறுக்கி அடைத்தேன். பிறகு கையை வைத்துப் பார்த்தேன். காற்று நின்றுவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்த சந்தோசம் எனக்கு.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாய்ச் சொல்கிறேன். பேஸ்மென்ற் யன்னல்கள் வேர்த்து, தண்ணீர் வடியத் தொடங்கின. பத்தியச் சமையலின் ஆவி என்று துடைத்தேன். பொயிலருக்கு மேல் சுவரில் கரி படிந்தது. என்னுடைய கற்பூரமும் நல்லெண்ணெய் விளக்கும் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், அது மறுபடியும் படிந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த நெருப்பு நீலம் போய், உயரமாய், பொன் மஞ்சளாய் ஆடியது. குத்துவிளக்குச் சுடர் மாதிரி இருந்தது. இதை எழுத வெட்கமாய் இருக்கிறது, அதைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

விரதம் தொடங்கியது. பகல் முழுக்க ஒன்றும் இல்லை, பின்னேரம் பாலும் பழமும். காலையும் மாலையும் கீழே இருந்து தோத்திரம் படிப்பேன். இரண்டாம் நாள் தலையிடி. மூன்றாம் நாள் குமட்டல். விரதக்காரிக்கு வராததா? ஐந்தாம் நாள் வேறு ஒன்று நடந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு பாரமில்லாமல் போனது. படத்தைச் சுற்றி ஒரு வெளிச்சம். கண்ணால் தண்ணீர் ஓடியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. இருபது வருசமாய்ப் பிடிக்கிற விரதம், முருகன் இப்போதுதான் திரும்பிப் பார்த்தான் என்று நினைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துவிடும் போல இருந்தது.

ஆறாம் நாள் சனிக்கிழமை. பின்னேரம் கோயிலில் சூரன் போர். மறுநாள் காலை விரதம் முடிக்கும் பாறணைக்கு நாலைந்து குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தேன். மேலே றேடியேற்றர்கள் சரியாய்ச் சுடவில்லை, வருகிற ஆட்கள் குளிரில் இருக்கப்போகிறார்களே என்று, கணவர் வேலைக்குப் போன பிறகு அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். முந்தி மாதிரி அந்த ஆணியைத் திருப்பிக் காற்றை எடுத்துவிட்டால் போதும் என்றும் நானே சொன்னேன். மத்தியானம் வந்தார்.

மேல் அறைக்குப் போவார் என்று பார்த்தால், பேஸ்மென்ற் படியில் இறங்கினார். பாதியில் நின்று யன்னலைப் பார்த்தார்.

"முந்தியும் இப்பிடியோ?"

சமையல் ஆவி என்றேன். இறங்கிப் போய்ச் சுவரில் கரியை விரலால் தொட்டார். கற்பூரம் என்றேன். கண்ணாடிக்கு முன் குந்தினார். நெருப்பைக் கண்டதும் பைக்குள் கையை விட்டார், கண் என்னைப் பார்த்தது.

"தலை இடிக்குதோ?"

"விரதமெல்லோ அண்ணை."

"மேலை போனால் குறையுமோ?"

யோசித்தேன். குறையும். அதை நான் கவனிக்கவே இல்லை. பதில் சொல்ல முதல், புருசன் வேலைக்குப் போயிருந்ததால் தனியே இருந்த அவள் பிள்ளையோடு அறைக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவளுடைய முகம் வெளிறி, உதடு மட்டும் நல்ல சிவப்பாய் இருந்தது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிப் பெருமைப்பட ஆசை. "எங்கடை பிள்ளையைப் பாருங்கோ அண்ணை. முப்பத்தொண்டு மட்டும் ஒரே அழுகை. இப்ப பத்து நாளாச் சத்தமே இல்லை. அப்பிடி நல்ல பிள்ளை" என்றேன்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான்தான் அதற்குப் பதிலைச் சொல்லிவிட்டேனே.

நச்சுக் காற்றை அளக்கவென்று பையிலிருந்து எடுத்த கருவி கையில் இருக்கும்போதே கீச்சென்று கத்தத் தொடங்கியது. பொயிலரை நிற்பாட்டிக் காஸ் குழாயைப் பூட்டினார். மேலே போகும் கதவை அகலத் திறந்தார். தன்னுடைய தடித்த ஜக்கெற்றைக் கழற்றிக்கொண்டு அவளிடம் போனார்.

"பிள்ளையைத் தாங்கோ. எல்லாரும் வெளியிலை. இப்ப."

எனக்குத் தலைக்குள் ஏதோ ஏறியது. வெளியே உறைகுளிர். காதுக்குள் காற்றுப் படாமல் நாற்பது நாள் காத்த உடம்பு. நாளைக்குப் பாறணை. படியில் அவருக்குக் குறுக்கே நின்றேன். திங்கட்கிழமை வரைக்கும் விடுங்கள், பிறகு என்னவும் செய்யுங்கள் என்றேன். அவர் என்னைத் தாண்டப் பார்த்தார். அப்போது நான் சொன்னது இன்றைக்கும் என் வாயில் கசக்கிறது.

"பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை சூட்டை நிப்பாட்டிப்போட்டுக் குளிருக்கை கொண்டு போறீங்கள். பிள்ளைக்கு ஒண்டெண்டால் நீங்களோ பொறுப்பு?"

"ஓம் தங்கச்சி" என்றார். "நான் பொறுப்பு. வழியை விடுங்கோ."

விட்டேன். அவர் பிள்ளையைத் தன் ஜக்கெற்றுக்குள் பொத்திக்கொண்டு ஏறினார். அவள் பின்னால் போனாள், நடுவில் கால் மடங்கி இருந்துவிட்டாள். அவளைத் தூக்கப் போன நானும் எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்தேன். வெளியே நிறுத்தியிருந்த தன் வானுக்குள் பிள்ளையை வைத்துவிட்டு அவர் திரும்பி ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. காலுறையோடுதான் பனியில் நின்றார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று அம்புலன்சுக்கு ரெலிபோன் பண்ணினார்.

சூரன் போர் நடந்த நேரம் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில், முகத்தில் ஒட்சிசன் மூடியோடு கிடந்தேன். பக்கத்து அறையில் அவள். பிள்ளையை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று நாள் எங்களை வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் நான் முருகனிடம் என்னவெல்லாம் பேரம் பேசினேன் என்று எழுத மாட்டேன். மூன்றாம் நாள் பிள்ளை பசிக்கு அழுதது என்று தாதி வந்து சொன்னாள். பிழைத்தது. டொக்டர் அவளுடைய புருசனிடம் வேறும் சொன்னாராம், அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

அன்று திங்கட்கிழமை. பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணை இன்னொருவரோடு வேலை செய்துகொண்டிருந்தார். புகைக்கூட்டுக்குள் உடைந்து விழுந்த ஓடும் குருவிக் கூடும் அரை வாளி. புகை மேலே போக வழியில்லாமல் இருந்திருக்கிறது. மற்றவர் வாளியோடு வெளியே போன பிறகு, அண்ணை ஒரு மூலையிலிருந்து சாரத்தை எடுத்து வந்தார். நாலாய் மடித்து வைத்திருந்தார்.

"உது ஆர் வைச்சது?"

"நான்தான்."

நெருப்புக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும், அந்தக் குழாய் அதற்குத்தான் என்றார். புகைக்கூடு அடைபட்டது பாதி, இது பாதி. திட்டவில்லை. சாரத்தை என் கையில் தந்தார். எவருக்கும் சொல்லாத ஒன்றை அப்போது அவரிடம் கேட்டேன். ஐந்தாம் நாள் கண்ட வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லி, அதுவும் இதுதானோ என்றேன்.

பொயிலரின் சின்னக் கண்ணாடியைத் துணியால் ஒருக்கால் துடைத்தார்.

"இந்த நச்சுக் காத்து மூளையை மயக்கும். அது எனக்குத் தெரியும். நீங்கள் கண்டது என்னெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டன்." பிறகு, "இனிமேல் மேலை இருந்து கும்பிடுங்கோ" என்றார்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதினார். எனக்கு வாசிக்க வராது என்று தமிழில் ஒவ்வொரு வரியாய்ச் சொன்னார். காற்று வரும் குழாய் துணியால் அடைபட்டிருந்தது என்பதும் அதில் ஒரு வரி. அது இருக்கத்தான் வேண்டுமோ என்று கேட்டேன். இருக்க வேண்டும் என்றார்.

"கீழை இருக்கிற பிள்ளையளுக்குச் சொல்லுவியளோ?"

"நான் சொல்லமாட்டன்." தாளின் மஞ்சள் பிரதியைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "நீங்கள் சொல்லுவியள்."

சொல்லவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு கிழமை நான் வாயே திறக்கவில்லை. என் கணவரும், புகைக்கூடு அடைபட்டது உண்மைதானே, அது போதும், சும்மா இரு என்றார். எல்லாரும் புகைக்கூடு என்றே நினைத்தார்கள். கோயிலில் பெண்கள் என் கையைப் பிடித்து, நீங்கள் பிடித்த விரதம்தான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது என்றார்கள். நான் தலையைக் குனிந்தேன், அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்தார்கள். ஒருநாள் அவளும் மேலே வந்தாள். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, "அண்டைக்கு நீங்கள் அண்ணையைக் கூப்பிட்டிருக்காட்டில்..." என்று சொல்லி என் காலைத் தொடக் குனிந்தாள்.

தொடவிட என்னால் முடியவில்லை. பிள்ளையை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அலுமாரியிலிருந்து மஞ்சள் தாளை எடுத்துவந்து கொடுத்தேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். வாசித்து முடிக்கும்வரை நின்றேன். "துணி ஆற்றை?" என்றாள். என் கணவருடைய சாரம், அடைத்தது நான் என்று சொன்னேன். காற்று அடிக்குது என்று அவள் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அது அவளுக்கும் நினைவு வந்திருக்கும். தாளை மடித்து மேசையில் வைத்தாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மாதக் கடைசியில் அஜக்ஸ் என்ற பக்கத்து ஊருக்கு வீடு மாறிப் போனார்கள். அவளுடைய புருசன் மட்டும் மேலே வந்து வீட்டுத் திறப்பைத் தந்தான். "நீங்கள் சொல்லாட்டில் எங்களுக்குத் தெரியவந்திராது அன்ரி" என்றான். அது நன்றியா, கோபமா என்று அவன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களோடு போக்குவரத்து இல்லை.

சொன்னேன் என்பதை அண்ணையிடம் ரெலிபோனில் சொன்னேன். "ஓம்" என்றார். எனக்கு அதற்கு மேலும் ஏதாவது வேண்டியிருந்தது. ஒருவரும் தரவில்லை. தரவேண்டியதும் இல்லை என்று இப்போது விளங்குகிறது.

இரண்டு வருசம் ஒழுங்காய் வந்து பொயிலரைப் பார்த்தார். இரண்டு செப்ரெம்பரிலும் நானே கூப்பிட்டேன். மூன்றாம் வருசம் நம்பர் வேலை செய்யவில்லை. மேற்கே வேறு மாகாணத்துக்கு வேலை மாறிப்போனார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், இல்லை, வருத்தத்தில் கட்டிலோடு கிடக்கிறார் என்றார். எவரும் நேரே கண்டதில்லை.

சஷ்டி விரதம் இன்றும் பிடிக்கிறேன், மேலே, யன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு. பசி வருகிறது. கால் விறைக்கிறது. வேறொன்றும் வரவில்லை. அந்த ஐந்தாம் நாள் திரும்ப வரவே இல்லை. ஆனாலும் கும்பிடுகிறேன். வெளிச்சம் வந்தால்தான் கும்பிடுவேன் என்று நான் தொடங்கவில்லையே.

சூரன் போர் அன்று கோயிலில் இரண்டு அர்ச்சனைச் சீட்டு எடுப்பேன். முதல் சீட்டில் அந்தப் பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் தடையில்லாமல் சொல்வேன். அண்ணைக்கென்று எடுத்த இரண்டாவதற்கு ஐயர் நிமிர்ந்து பார்ப்பார். எங்கள் ரெலிபோன் கொப்பியில் அவரைப் பொயிலர் அண்ணை என்றுதான் எழுதியிருந்தோம். எத்தனை தரம் எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், ஒருநாளாவது அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

"பேர், நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. சுவாமி பேருக்குச் செய்யுங்கோ."